பகல் நல்லது, இராத்திரி போதாது: கோவையில் ஒரு மறதிநோய் இல்லத்தின் தரம்

கோவை அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது இந்த மறதிநோய் பராமரிப்பு இல்லம். இரண்டு தளம், இப்போது இருப்பவர்கள் 26 பேர். பெயரைப் போடவில்லை. குறைகளை நிர்வாகத்திடம் நேரிலேயே சொல்லியாயிற்று. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று வேறு இடம் தேடுகிறவர்களுக்கும் இதே கேள்விகள் உதவும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பகல் நேரப் பராமரிப்பு நன்று, சாயங்காலம் சுமார், இராத்திரி போதாது. தானாக நடந்து, தானாகச் சாப்பிடுகிறவரைத் தாராளமாகச் சேர்க்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர், படுத்த படுக்கையாக இருப்பவர், நடுராத்திரியில் எழுந்து நடக்கிறவர், இந்த மூன்று பேருக்கும் இப்போதைய ஆள் கணக்கில் இது சரியான இடம் இல்லை.

வரவேற்பறையில் கிரானைட் தரை, ஏசி, ஃபில்டர் காபி எல்லாம் உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துதான் முடிவெடுக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ அந்த அறைக்குள் காலை வைக்கப்போவதே இல்லை.

காகித விஷயம் சுருக்கமாக. முதியோர் இல்லப் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றலைப் பெரிதும் குலைக்கும் கோளாறும் அடக்கம். ஆகவே மறதிநோயாளிகளைப் பூட்டிய கதவுக்குள் வைத்துப் பார்க்கும் இடத்திடம், மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா என்று கேட்பது நியாயம்தான். இங்கே கிடைத்த பதில் 'விண்ணப்பிச்சிருக்கோமுங்க'. விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி ஆள் கணக்கு. பகலில் பராமரிப்பாளர் ஏழு பேர், அதாவது நாலு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். மறதிநோய்க்கு இது நல்ல கணக்கு. இராத்திரி ஷிப்ட்டில் மூன்று பேர், கூட ஒரு நர்ஸ். 'எல்லாரும் தூங்கீருவாங்க, மூணு பேர் போதுமுங்க' என்கிறார் மேலாளர். போதுமா என்று போட்டுப் பார்க்கலாம். இங்கே ஒன்பது பேருக்குத் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, துணியை இழுத்துச் சரிசெய்ய இரண்டு ஆள், பத்து நிமிடம். ஒன்பது பேருக்குத் தொண்ணூறு நிமிடம். ஆக ஒவ்வொரு 120 நிமிடத்திலும் இரண்டு ஆள் 90 நிமிடம் இதிலேயே போய்விடுகிறார்கள். மிச்சம் ஒரே ஆள், இரண்டு தளம், பதினேழு பேர். அந்த ஆள் ஒரு தளத்தில் இருக்கும்போது மற்றத் தளத்தில் ஒருவர் பாத்ரூமுக்கு எழுந்தால் பிடிக்க ஆள் இருக்காது, அல்லது புரட்டுவது நின்றுவிடும். புரட்டிய நேரம் எழுதும் பதிவேட்டில் 10, 12, 2, 4 என்று எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே கையெழுத்து, ஒரே பேனா. உண்மையில் செய்திருந்தால் நேரம் 10.10, 10.25 என்று முன்னேபின்னேதான் விழுந்திருக்கும். எந்த இல்லத்துக்குப் போனாலும் இந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டுங்கள். ஒரே சீராக இருக்கும் பதிவேடு காலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது.

படுக்கைப் புண் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டால் எந்த இடத்திலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் ஆளின் குதிகால், முதுகுத்தண்டின் அடி, இடுப்பு எலும்பு, காதின் பின்புறம் இவற்றை நீங்களே பாருங்கள். முதல் கட்டப் புண்ணில் தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ, கல் மாதிரி கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. அந்தக் கட்டத்தில் பிடித்தால், அந்தப் பக்கம் படுக்க விடாமல் வைத்தே சரிசெய்துவிடலாம். விட்டால் எலும்பு வரை போகும்.

இங்கே ஒன்பது பேருக்கும் ஏர் பெட் போட்டிருக்கிறார்கள், பாராட்டலாம். ஆனால் பம்பில் உள்ள எடைத் திருகை எல்லாக் கட்டிலிலும் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார்கள். 45 கிலோ பாட்டிக்கு அப்படி வைத்தால் படுக்கை பலகை மாதிரி ஆகிவிடும், காற்றுப் படுக்கை போட்டதற்கே அர்த்தம் இல்லை. சரிபார்ப்பது எளிது. ஆள் படுத்திருக்கும்போது பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேரே உள்ளங்கையை விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று குறைவு, படுக்கை கிண்ணென்று நின்றால் அதிகம். கரண்ட் போனால் இந்தப் பம்புகள் இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்டோம். விளக்கும் ஃபேனும் மட்டும்தானாம். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைக்கும் பழைய பழக்கமும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அது வேண்டாம். கெண்டைக்காலுக்கு நீளமாக ஒரு தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வைத்தாலே போதும்.

சாப்பாடு இந்த இல்லத்தின் பலம். சமையல்காரம்மா இந்தப் பக்கத்துக்காரர். குழைய வேகவைத்த அரிசி பருப்பு சாதம், சந்தகை, ராகிக்கூழ், பச்சைப்பயறு கடைசல் என்று இந்த ஊர் வயிறு அறிந்த சாப்பாடு. பல வருடத்து ருசி கடைசி வரை நிற்கும். புதிதாகக் காட்டிய ஓட்ஸையும் பாஸ்தாவையும் தள்ளிவிடுகிறவர் அரிசி பருப்பு சாதத்துக்கு வாயைத் திறப்பார். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ராகிக்கூழ் இன்னொரு விதத்திலும் நல்லது. தண்ணீர், டீ, மோர் போன்ற மெல்லிய நீர் தொண்டையில் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். கூழ் மெதுவாக இறங்கும், தொண்டை மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். எல்லாவற்றிலும் மோசம் ரசம் சாதம்: நீர் முதலில் ஓட, பருக்கை வாயிலேயே நிற்க, இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவர்களால் முடியாது. இங்கே இராத்திரிக்கு எல்லாருக்கும் ரசம் சாதம். சமையலறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊட்டிவிடும் விதத்தை அருகே நின்று பார்த்தால்தான் ஒரு இல்லம் விளங்கும். ஒரு மேசையில் ஓர் இளம்பெண் தாழ்வான ஸ்டூல் போட்டு, பாட்டியின் கண்மட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கரண்டியில் பாதிதான் சோறு. வாயில் வைத்ததும் கையை இறக்கிவிட்டு, தொண்டை மேடு ஒருமுறை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார். 'முழுங்கீட்டீங்களா ஆத்தா?' என்று கேட்டு, பாட்டி வாயைத் திறந்து காட்டிய பிறகே அடுத்த வாய். பக்கத்து மேசையில் ஒருவர் நின்றுகொண்டு ஊட்டுகிறார். நின்று ஊட்டினால் எதிரே இருப்பவர் அண்ணாந்துதான் வாயைத் திறக்க வேண்டும். அண்ணாந்த கழுத்தில் மூச்சுக்குழாய் திறந்து நிற்கும், சோறு அதற்குள் போக வழி அகலமாகிறது. நெஞ்சில் சளி, காய்ச்சல், நிமோனியா என்று மருத்துவமனைக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேருக்குத் தொடக்கம் இப்படித்தான்.

நின்று ஊட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்குதான் இடிக்கிறது. ஊட்டிவிட வேண்டியவர்கள் எட்டுப் பேர். ஒருவருக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும், மொத்தம் 240 நிமிடம். இராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஊட்டக் கிடைக்கும் கைகள் மூன்று ஜோடி. 80 நிமிடம் ஆக வேண்டிய வேலை இங்கே முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. மிச்ச நேரம் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், சாப்பிட்ட பிறகு கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விரல்விட்டுப் பார்த்தால் போதும், சோறு ஒதுங்கி இருக்கும். அதோடு படுக்க வைப்பது ஆபத்து. வாயைத் துடைத்து, அரை மணி நேரமாவது நேராக உட்கார வைக்க வேண்டும்.

தட்டு பற்றி ஒரு வார்த்தை. மின்னும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் அவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. சாப்பிட மறுக்கிறார் என்று நாம் எழுதிவைப்போம். சிவப்போ நீலமோ ஒரே நிறத்தில் தட்டு வாங்கிப் போட்டால் செலவு சொற்பம், பலன் உடனே தெரியும். சொன்னோம், வாங்குகிறோம் என்றார்கள்.

எடைப் பதிவேடு மாதம் ஒருமுறை எழுதுகிறார்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 50 கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோ. ஆனால் இருப்பது நின்று பார்க்கும் எடை மிஷின் மட்டும். நிற்க முடியாதவர்களுக்கு நேரே 'இயலவில்லை' என்று எழுதியிருக்கிறது. அதிகம் இளைப்பவர்களே அவர்கள்தான்! நாற்காலி எடை மிஷின் இல்லாவிட்டாலும் தையல்காரர் டேப் ஒன்று போதும். கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தில் சுற்றளவு 31 செ.மீ.க்குக் கீழே போனால் சத்துக்குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், வீக்கம் இல்லாதவரையில்.

சாயங்காலத்துக்கு வருவோம். இல்லத்தைப் பார்க்க நிர்வாகம் பதினோரு மணிக்கு வரச் சொல்லும். அஞ்சு மணிக்குப் போங்கள். பொழுது சாயும்போது மறதிநோயாளிகளுக்குத் தவிப்பு கூடும். ஆயுள் முழுக்கப் பண்ணையம் பார்த்தவர் மாட்டுக்குத் தண்ணி காட்டணும், சொசைட்டிக்குப் பால் ஊத்தணும் என்று கேட்டைப் பிடித்து ஆட்டுவார். தறி ஓட்டியவர் ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்பார். 'மாடெல்லாம் வித்தாச்சுங்க, இது உங்க ஊடு இல்லீங்க' என்று சொல்வது உண்மைதான், ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதும் அதுதான். இங்கே இரண்டு மூத்த பராமரிப்பாளர்கள் இதை அழகாகக் கையாளுகிறார்கள். 'ஏனுங்க அப்பாரு, எத்தனை மாடுங்க, சிந்து மாடா, நாட்டு மாடா?' என்று கேட்டுக்கொண்டே தோப்புப் பக்கம் ஒரு சுற்று நடத்திக் கூட்டி வருகிறார்கள். நடந்த களைப்பிலும் பேச்சிலும் தவிப்பு அடங்கிவிடுகிறது. வளைந்து சுற்றித் திரும்பவும் வாசலுக்கே வரும் அந்த நடைபாதை இந்த இல்லத்தின் மிக நல்ல அம்சம். முட்டுச்சந்து இல்லாததால் போனவர் திகைத்து நிற்பதில்லை.

கெடுப்பது இரண்டு. ஒன்று, பகல் ஆட்கள் ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். தவிப்பு உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் தெரிந்த முகங்கள் மறைந்து தெரியாத முகங்கள் வருகின்றன. மாற்றத்தை நாலு மணிக்கோ எட்டு மணிக்கோ வைத்தால் ஒரு காசு செலவில்லை. இரண்டு, கூடத்தில் டிவி சீரியல் அலறுகிறது. திரையில் அழுகிறவர்களும் அடித்துக்கொள்கிறவர்களும் பக்கத்து அறையில் இருப்பதாகவே சிலர் நம்புவார்கள். விளக்கையும் இருட்டிய பிறகுதான் போடுகிறார்கள். அஞ்சே காலுக்கே போட்டுவிட்டால் நிழல் விழாது. நிழல்தான் ஆளாகத் தெரிவது.

மொழி பற்றி யாரும் கேட்பதில்லை. கோவை, திருப்பூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். வெளியில் அறுபது வருடம் தமிழ் பேசியவர்கூட நோய் முற்றும்போது பிறந்த மொழிக்கே திரும்பிப் போய்விடுவார். தண்ணீர் கேட்பதைப் புலம்புகிறார் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. இங்குள்ள பராமரிப்பாளர்களில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகள். கை வேலையில் அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை, பொறுமை அதிகம். ஆனால் தண்ணீர், வலி, பாத்ரூம், பசி, குளிர் என்று முப்பது சொல்லை அந்தந்த வீட்டார் பேசும் மொழியில் எழுதிக் கட்டிலருகே ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. சேர்க்கும்போது நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வலியைச் சொல்லத் தெரியாதவருக்கு வலி கோபமாகத்தான் வெளிவரும். குளிக்க வைக்கும்போது அடிக்கிறார் என்றால் மூட்டுவலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா என்று பார்ப்பது முதல் வேலை. இரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிவிட்டார் என்றால் அது நோய் முற்றியது அல்ல, பெரும்பாலும் உடம்பில் வேறு ஏதோ. குளியலையே எடுத்துக்கொண்டால், தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் அவர்களைக் கதிகலங்க வைக்கும். இங்கே வாளியும் சொம்புமாக, காலில் தொடங்கி மேலே போகிறார்கள். மிகச் சரி. வெஸ்டர்ன் டாய்லெட்டில் வெள்ளைச் சுவருக்கு வெள்ளைப் பீங்கான் என்பதால் சிலர் அது எதற்கென்றே தெரியாமல் மூலையில் போய்விடுகிறார்கள். மூடியை மட்டும் கருநீலத்தில் மாற்றினால் பாதி தீரும். வாசற்படியில் போட்டிருக்கும் கறுப்பு மிதியடி குழி மாதிரி தெரிவதால் தாண்டப் பார்த்து விழுவார்கள். அதைச் சொன்ன அன்றே எடுத்துவிட்டார்கள், நல்ல அறிகுறி. மாடிக் கிரில் கதவின் சாவி இராத்திரியில் மேலாளர் அறையில். தீப்பிடித்தால் யார் திறப்பது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை.

மருந்தில் இந்த இல்லம் தேறிவிட்டது. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையை, தட்டு முன்னால் வந்து இரண்டு வாய் உள்ளே போன பிறகே நர்ஸ் தருகிறார். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறுத்தால் சர்க்கரை விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகளையும் மற்றவற்றோடு சேர்த்து இடித்துத் தேனில் குழைக்கிறார்கள். அவற்றை இடித்தால் நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இரத்தத்தில் சேரும். திரவமாகக் கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தவிப்பையும் ஆவேசத்தையும் அடக்கத் தரும் மனநோய் மருந்துகளில் ஆறு பேருக்கு குவெட்டியாபின், ஒருவருக்கு ஹாலோபெரிடால் ஓடுகிறது. இந்த வகை மருந்துகள் மறதிநோய் முதியவர்களில் மரண வாய்ப்பைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் புது வகைகளுக்கும், 2008இல் பழைய வகைகளுக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை விடுத்தது. தரவே கூடாது என்பதல்ல. எதற்காக, எவ்வளவு, எப்போது குறைத்துப் பார்ப்பது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் மறுபார்வை இல்லாமல் ஓடினால் அது ஆள் பற்றாக்குறைக்கான மருந்து. லூயி பாடி வகை மறதிநோய் என்றால் ஹாலோபெரிடால் உடம்பை விறைக்க வைத்து உயிருக்கே உலை வைக்கும். உங்கள் ஆளுக்கு எந்த வகை என்று கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

கட்டி வைப்பதில்லை என்கிறார்கள். சக்கர நாற்காலிகள் மூன்றில் இடுப்புப் பட்டி இருக்கிறது, 'விழுந்தராம இருக்கத்தானுங்க'. சொந்தமாக அவிழ்க்க முடியாத பட்டி எதுவும் கட்டுதான். சட்டப்படி சங்கிலிக்கு முழுத்தடை. மற்றக் கட்டுகள் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, பதிவேட்டில் எழுதி, குறைந்த நேரத்துக்கு மட்டும். இங்கே பதிவேடே இல்லை. கட்டில் கம்பியும் அப்படித்தான். ஏறித் தாண்டுகிறவருக்குக் கம்பி இருந்தால் விழும் உயரம்தான் கூடும், தாழ்வான கட்டில் நல்லது.

ஒப்பந்தத்தில் இரண்டு இடம் உறுத்துகிறது. டயப்பர் தனிக் கட்டணம், பில்லில் மாதம் 90. நாளுக்கு மூன்று என்றால் ஒன்று இராத்திரி முழுக்க ஊறிக்கிடக்கும் என்று பொருள். நாளுக்கு நாலைந்து வேண்டும், அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று, விழுங்க முடியாத நிலை வந்தால் மூக்கு வழி டியூப் போடச் சம்மதம் என்று முன்கூட்டியே கையெழுத்து கேட்கிறார்கள். முற்றிய மறதிநோயில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. கையால் மெதுவாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். டியூபை அவர் பிடுங்குவார், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். ஊட்டும் நேரம் மிச்சமாவது இல்லத்துக்கு மட்டும். அந்த வரியை அடித்துவிட்டு, 'அப்போது குடும்பத்தாரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்' என்று எழுதச் சொன்னால் எழுதித் தருகிறார்கள்.

இல்லத்தோடு பேசித் தீராத புகாருக்கு முதியோர் உதவி எண் 14567, மாவட்ட சமூக நல அலுவலகம் இரண்டும் உண்டு.

இராத்திரிக்கு இன்னும் இரண்டு ஆள் போடுவதாகவும், ஷிப்ட் நேரத்தை மாற்றுவதாகவும் நிர்வாகம் சொல்லியிருக்கிறது. செய்தால் எங்கள் முடிவும் மாறும். படுத்த படுக்கையாக இருப்பவரைச் சேர்க்கப் போகிறவர்கள் அலுவலகத்தில் மாட்டியிருக்கும் டூட்டி சார்ட்டைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், போன மாதச் சம்பளப் பதிவேட்டில் இராத்திரி ஆட்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.